சம்பளப் பட்டியல் ஜெயிச்ச கோப்பை

நைஜீரியாவுல, லாகோஸ்ல நான் வேலை பாத்த காலத்துல தினமும் ரெண்டு மூணு தடவையாவது காதுல விழற ஒரு சத்தம் இருக்கு, "அப் நேப்பா!"ன்னு. கரண்ட் போய் மணிக்கணக்கா இருட்டுல கெடந்து, திடீர்னு லைட் எரிஞ்சதும் தெருவே சேந்து கத்தும், சின்னப் பசங்கள்ல இருந்து கெழவி வரைக்கும். நேப்பாங்கறது அந்த ஊர் மின்வாரியம், அந்தப் பேரே 2005லயே போய் வேற பேரு வந்து, 2013ல தனியாருக்கும் வித்தாச்சு, ஆனா கத்துறது மட்டும் இன்னும் நேப்பான்னுதான். அதுக்கு விரிவாக்கம் வேற வச்சிருக்காங்க, நெவர் எக்ஸ்பெக்ட் பவர் ஆல்வேஸ். நம்ம ஊர் ஈ.பி. காரங்க கேட்டா கண்ணுல தண்ணி வரும்.

நாங்க இருந்த காம்பவுண்ட்ல கேட்ல உக்காந்திருப்பாரு ஒரு பெரியவர், எல்லாரும் பாபான்னுதான் கூப்பிடுவோம், அவரு என்னைய விட முப்பத்தஞ்சு வயசு மூத்தவர் ஆனாலும் என்னைய 'ஓகா'ம்பாரு, அதாவது மொதலாளி, வேண்டாம் பாபான்னு சொல்லி சொல்லி நான் ஓய்ஞ்சு போயிட்டேன். ஒரு நாள் ராத்திரி ஜெனரேட்டர்ல டீசல் தீந்து, கொசுக்கடியில கேட்டாண்ட அவரு பெஞ்சுல போய் உக்காந்து மின்வாரியத்தை நான் திட்டிக்கிட்டு இருந்தப்ப அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, இதே கரண்ட் ஆபீஸ்காரங்க ஒரு காலத்துல ஃபுட்பால்ல சேலஞ்ச் கப், அதான் நாட்டோட பெரிய கோப்பை, ஜெயிச்சவங்க தெரியுமான்னு. நான் நம்பல. கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்.

அப்புறம் தேடிப் பாத்தா நெசம்தான். ஈ.சி.என்., அதாவது எலக்ட்ரிசிட்டி கார்ப்பரேஷன் ஆஃப் நைஜீரியா, பின்னாடி 1972ல நைஜர் அணை வாரியத்தோட சேத்து நேப்பாவா ஆனது, அவங்க லாகோஸ் டீம் 1960, 1965, 1970ன்னு மூணு தடவை நாட்டோட தேசியக் கோப்பையை தூக்கியிருக்கு. அதுலயும் 1960, நாடு சுதந்திரம் வாங்குன வருஷம். சுதந்திர நைஜீரியா கண் முழிச்சப்ப நாட்டோட கால்பந்து சாம்பியன் மின்வாரியம்!

அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு இது. அந்தக் கோப்பையோட ஜெயிச்சவங்க லிஸ்டை வருஷ வாரியா ஒரு நோட்டுல எழுதி வச்சேன், எழுத எழுத ஒண்ணு புரிஞ்சுது, இது கால்பந்து லிஸ்டு மட்டும் இல்ல. அந்தந்தக் காலத்துல அந்த நாட்டுல மாசம் ஒண்ணாந் தேதி யாரால ஒழுங்கா சம்பளம் குடுக்க முடிஞ்சுதோ அவங்க பேருதான் அதுல இருக்கு. மொதல்ல வெள்ளைக்காரன் டிப்பார்ட்மென்ட், அப்புறம் வாரியம், அப்புறம் கம்பெனி, அப்புறம் கோடீஸ்வரன், கடைசியா மாநில அரசு. யாரு ஆட்டத்துல கெட்டிங்கறதும் இருக்கு, இல்லேங்கல, ஆனா கெட்டிக்காரன் எங்க வேலை கெடைக்குதோ அங்கதான போவான்.

கோப்பைக்குப் பேரு மட்டும் எத்தனை! மொதல்ல 1942ல வார் மெமோரியல் கப்னு லாகோஸ்ல ஆரம்பிக்குது, ரெண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டு இருக்கறப்ப. 1945ல அது கவர்னர்ஸ் கப் ஆகுது. ஐம்பதுகளோட நடுவுல சேலஞ்ச் கப். அப்புறம் எஃப்.ஏ. கப், நடுவுல கோக்க கோலா காசு குடுத்தப்ப அவங்க பேரையும் சேத்து சொல்லணும், அப்புறம் ஃபெடரேஷன் கப், 2017ல இருந்து கொஞ்ச வருஷம் ஐட்டியோங்கற எண்ணெய் கம்பெனி பேரு, இப்ப பிரெசிடென்ட் ஃபெடரேஷன் கப். பாபா வயசுக்காரங்களுக்கு எல்லாமே சேலஞ்ச் கப்தான். நம்ம ஆளுங்க இன்னும் மவுன்ட் ரோடுன்னு சொல்ற மாதிரி.

மொத வருஷம், 1942, ஜெயிச்ச டீம் பேரு ZAC, தமிழ்ல எழுதுனா ஜாக், விரிச்சு சொன்னா ஜிக்ஸ் அத்லெடிக் கிளப். ஜிக்குங்கறது வேற யாருமில்ல, நாம்டி அசிகிவே, பின்னாடி நைஜீரியாவோட மொத குடியரசுத் தலைவர் ஆனவரு. அமெரிக்காவுல படிச்சுட்டு வந்து பத்திரிகை நடத்துனவரு, வெஸ்ட் ஆப்பிரிக்கன் பைலட்னு. அந்த மனுஷனுக்கு விளையாட்டுல ஒரு பழைய ரணம் உண்டு. 1934 லண்டன் எம்பயர் கேம்ஸ்ல, இப்ப காமன்வெல்த் கேம்ஸ்ங்கறாங்களே அதுல, நைஜீரியா பேர்ல ஓடணும்னு விண்ணப்பிச்சாரு, சேத்துக்கல. அந்தக் கோவத்துல தன் பேருல இருந்த பெஞ்சமினையே தூக்கி எறிஞ்சாரு. 1938ல சொந்தமா கிளப் ஆரம்பிச்சாரு. போர்க்காலத்துல அந்த டீமைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா டூர் போனாரு, வெளியில சொன்ன காரணம் போர் நிதிக்கு வசூல், வெள்ளைக்காரன் எப்படி தடுப்பான்? மேட்ச் முடிஞ்சதும் கூட்டத்துக்கு முன்னால நின்னு பேசுவாரு, எங்கயோ நடக்கற போர்ல சுதந்திரத்துக்காக சண்டை போடறீங்களே, எங்களுக்கு எப்பங்கற மாதிரி. பொதுக்கூட்டம் போட்டா பர்மிஷன் கேக்கணும், ஃபுட்பால் மேட்ச்சுக்கு கூட்டம் தானா வரும். பயங்கர மூளை. அப்படிப்பட்ட டீம்தான் மொதக் கோப்பையை ஜெயிச்சுது, என் சம்பளப் பட்டியல் தியரிக்கு மொத வரியிலயே ஒரு ஓட்டை, பரவால்ல, ஓட்டை இல்லாத தியரி எங்க இருக்கு.

1945 இன்னும் சுவாரஸ்யம். நைஜீரிய கால்பந்து சங்கம் பொறந்ததா ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்த வருஷம் அது (இல்ல, 1933லயே ஆரம்பிச்சாச்சுன்னு ஒரு கோஷ்டி இருக்கு, அந்த பஞ்சாயத்துக்குள்ள நான் போகல). அதே வருஷம்தான் கோப்பைக்கு கவர்னர் பேரு. அதே வருஷம் ஜூன்ல நைஜீரிய வரலாற்றுல பெரிய பொது வேலை நிறுத்தம், போர்க்காலத்துல விலைவாசி ஏறிப்போச்சு, படி ஏத்திக் குடுன்னு ரயில்வே, தபால் தந்தி, பொதுப்பணித் துறைன்னு அரசாங்கத் தொழிலாளிங்க மொத்தமா கையைக் கட்டிட்டு உக்காந்தாங்க, ஒரு மாசத்துக்கு மேல. முன்னால நின்னது ரயில்வே தொழிலாளர் தலைவர் மைக்கேல் இமோடு, அதுக்கு முன்னாடி வருஷக் கணக்குல காவல்ல வச்சு அப்பதான் விட்டிருந்தாங்க அவரை. வேலை நிறுத்தத்தை ஆதரிச்சு எழுதுனதுக்காக அசிகிவேயோட பத்திரிகைகளுக்கு தடை. அந்த ரகளைக்கு நடுவுல கவர்னர் பேர்ல கோப்பை, மொத கவர்னர்ஸ் கப் ஜெயிச்சது மரைன், அதாவது துறைமுகத் துறை டீம், மறு வருஷம் ஜெயிச்சது ரயில்வேஸ். எந்தத் துறைக்காரன் கவர்னரை எதிர்த்து கோஷம் போட்டானோ அதே துறை டீம் அடுத்த வருஷம் கவர்னர் கோப்பையை வாங்கிக்கிட்டுப் போகுது. அதை நெனச்சு நான் தனியா சிரிச்சிருக்கேன்.

ரயில்வேஸ் கதை தனிக்கதை. 1946, 48, 49, 51, 56, 57, 64ன்னு ஏழு தடவை. எண்ணிக்கையில இன்னிக்கு வரைக்கும் அதை எவனும் தாண்டல, அந்த டீம் பெரிய ஆட்டத்துல இருந்து காணாமப் போயி எத்தனையோ காலம் ஆச்சு, சாதனை மட்டும் அப்படியே நிக்குது. லாகோஸ்ல எபுடே மெட்டாங்கற இடத்துல ரயில்வே காம்பவுண்ட் இருக்கு, பிரிட்டிஷ் காலத்து குவார்ட்டர்ஸ், ஒர்க்‌ஷாப்பு, பெரிய பெரிய மரம், ஒரு தடவை போயிருக்கேன், உள்ள நுழைஞ்சதும் எனக்கு பெரம்பூர், பொன்மலை ஞாபகம்தான் வந்துச்சு. ஒரே ஆளு கட்டுனதுதான எல்லாம். அந்தக் காலத்துல லாகோஸ்ல ஒரு பையன் நல்லா பந்து ஆடுனான்னா அவனுக்கு ரயில்வேலயோ துறைமுகத்துலயோ ஏதோ ஒரு உத்தியோகம் போட்டுக் குடுப்பாங்க, காலைல வேலை, சாயங்காலம் பிராக்டீஸ். இதை நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கவே வேண்டாம், ஸ்போர்ட்ஸ் கோட்டான்னா பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கூட தெரியும்.

அப்ப பெரும்பாலானவங்க வெறுங்கால்லதான் ஆடுவாங்க. 1949ல கவர்னர்ஸ் கப் ஆட்டக்காரங்கள்ல இருந்து பொறுக்கி எடுத்த 18 பேரை கப்பல்ல ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்புனாங்க, அங்க இருக்கற அமெச்சூர் டீம்களோட ஆட. கேப்டன் எடிம் ஹென்ஷா, மரைன் டீம்காரர். மொத மேட்ச் லிவர்பூல் பக்கத்துல கிராஸ்பியில, எதிர் டீம் பேரும் மரைன்தான், என்ன பொருத்தம் பாருங்க, நைஜீரியா 5-2ன்னு அடிச்சுது, அதுவும் நிறையப் பேரு வெறும் காலோட. அப்புறம் இங்கிலாந்து மழையும் சேறும் வந்துச்சு, வெறுங்கால் வழுக்க ஆரம்பிச்சுது, தோல்வி கூடிப்போச்சு. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் டெஸ்லிம் பலோகன், பட்டப்பேரு தண்டர், அவரு ஷாட் அடிச்சா இடி மாதிரின்னு. ரயில்வேஸுக்கு ஆடுனவரு, பான் பேங்க் டீமுக்கும் ஆடுனவரு. 1955ல பீட்டர்பரோவுக்கும் அடுத்த வருஷம் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கும் போயி, இங்கிலாந்துல காசு வாங்கி ஆடுன மொத நைஜீரியர்கள்ல ஒருத்தர் ஆனாரு. லாகோஸ்ல சுருலேரேல அவரு பேர்ல ஒரு ஸ்டேடியம் இருக்கு, அதைத் தாண்டித்தான் நான் ஆபீஸ் போவேன், ஒரு வருஷம் வரைக்கும் அது ஏதோ மந்திரி பேருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

1950ல ஜெயிச்சது யூ.ஏ.சி. யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி. இந்தப் பேருக்குப் பின்னால போனா தலை சுத்தும். நைஜர் ஆத்துப் பக்கம் வியாபாரம் பண்ணி, சொந்தமா போலீஸ் வச்சு, வரி வாங்கி ஆண்ட ராயல் நைஜர் கம்பெனி, 1899 வாக்குல தன் நிலத்தையும் உரிமையையும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு 865,000 பவுண்டுக்கு வித்துச்சு. நாட்டையே கிரயம் பண்ணிக் குடுத்த கம்பெனின்னு அங்க இன்னும் சொல்லுவாங்க. அதோட வாரிசுதான் 1929ல உருவான யூ.ஏ.சி. ஈஸ்ட் இந்தியா கம்பெனியோட பேரன் வந்து நம்ம சந்தோஷ் டிராஃபிய ஜெயிச்ச மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

1953 வரைக்கும் கோப்பை லாகோஸை விட்டு வெளியில போகல. அந்த வருஷம்தான் மொதல் தடவையா வடக்க, கானோவுக்குப் போச்சு. அந்த 1953 மே மாசம்தான் கானோவுல பெரிய கலவரம், சுயாட்சி எப்ப வேணும்ங்கறதுல வடக்குக்கும் தெக்குக்கும் சண்டை முத்தி தெருவுல ரத்தம் ஓடுன மாசம். அடுத்த வருஷம் கிழக்க கலாபார், அதுக்கடுத்து போர்ட் ஹார்கோர்ட். 1954ல நாடு ஃபெடரேஷன் ஆகுது, கோப்பையும் தலைநகர் ஆபீஸ்காரங்க சொத்தா இருந்தது மாறி ஊர்ப் பேர்ல ஆடுற டீம்களுக்குப் போகுது. போர்ட் ஹார்கோர்ட் மறுபடி 1958ல ஜெயிக்குது, அந்த வருஷம்தான் நைஜீரியாவோட மொத கச்சா எண்ணெய் கப்பல் அந்தத் துறைமுகத்துல இருந்து கெளம்புச்சு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நோட்டுல பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சிருக்கேன்.

அறுபதுகள்ல இபாடன் லயன்ஸ் (59, 61, 66, 69), போலீஸ், ஈ.சி.என்.னு மாறி மாறி. அதை வேகமா தாண்டிடறேன், ஏன்னா ஸ்டேஷனரி ஸ்டோர்ஸ் பத்தி சொல்லணும், சொல்லாம விட்டா பாபா என்னைய மன்னிக்க மாட்டாரு.

பேரைப் பாருங்க. ஸ்டேஷனரி ஸ்டோர்ஸ். பேனா, பேப்பர், ஆபீஸ் சாமான் விக்கற கம்பெனி. அதோட மொதலாளி இஸ்ரேல் அடெபாஜோ, லாகோஸ் வியாபாரி, 1958ல ஆரம்பிச்ச டீம். வெள்ளைக்காரன் டிப்பார்ட்மென்டும் இல்ல, அரசாங்க வாரியமும் இல்ல, உள்ளூர் ஆளு சொந்தக் காசுல நடத்துன டீம். 1967லயும் 68லயும் கோப்பை அவங்களுக்குத்தான், அந்த 68 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்க்கு போன நைஜீரியா டீம்ல பெரும்பகுதி ஸ்டோர்ஸ் ஆளுங்க, பிரேசிலோட 3-3ன்னு டிரா பண்ணிட்டு வந்தாங்க. லாகோஸ்காரனுக்கு ஸ்டோர்ஸ்னா உசுரு. ஜெயிச்சா டான்ஸ், தோத்தா அடிதடி. அடெபாஜோ 1969ல செத்துப் போனாரு, அப்புறமும் டீம் தள்ளாடித் தள்ளாடி 1982லயும் 1990லயும் கோப்பையைத் தூக்குச்சு. பாபா ஸ்டோர்ஸ் ரசிகர்னு தனியா சொல்லணுமா என்ன, "சூப்பர் ஸ்டோர்ஸ்"னு சொல்றப்ப பெஞ்சுல இருந்து எந்திரிச்சு நின்னுடுவாரு.

ஆனா 67, 68, 69ன்னு வரிசையா எழுதறப்ப கை நின்னுச்சு. 1967 ஜூலைல இருந்து 1970 ஜனவரி வரைக்கும் பியாஃப்ரா போர், கிழக்கு தனி நாடா பிரியணும்னு போராடித் தோத்த உள்நாட்டுப் போர். கிழக்குப் பக்கம் பட்டினியில லட்சக்கணக்குல சாவு. லாகோஸ்ல கோப்பை மேட்ச் நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. கலாபார், போர்ட் ஹார்கோர்ட்னு ஜெயிச்ச ஊரெல்லாம் இருக்கற கிழக்கு அந்த வருஷங்கள்ல போர்க்களம். பெலே வந்து ஆடுனதால போரை நிறுத்துனாங்கன்னு ஒரு கதை நம்ம வாட்ஸாப்புலயும் சுத்துது. சாண்டோஸ் டீம் 1969 ஜனவரில லாகோஸ்ல வந்து ஆடுனது நெசம், 2-2. போர் நின்னுச்சுங்கறது பெரும்பாலும் கட்டுக்கதை, பெலே போனதுக்கப்புறம் இன்னும் ஒரு வருஷம் சுட்டுக்கிட்டுதான் இருந்தாங்க.

போர் முடிஞ்ச 1970லயே கிழக்குல எனுகுங்கற ஊர்ல ஒரு டீம் உருவாகுது. ரேஞ்சர்ஸ். தோத்துப் போன ஜனங்க. பேங்க்ல எவ்வளவு பணம் போட்டு வச்சிருந்தாலும் கைக்கு 20 பவுண்டுதான்னு அரசாங்கம் கணக்கு முடிச்ச ஜனங்க. அரசாங்கத்துல, ராணுவத்துல பழைய இடம் கெடையாது. அந்தக் கிழக்குப் பக்கத்து இக்போ மக்களுக்கு தலை நிமிந்து லாகோஸ் பக்கம் பாக்கறதுக்கு அப்ப இருந்த ஒரே வழி இந்த டீம்தான்னு சொன்னா அது மிகை இல்ல. கேப்டன் கிறிஸ்டியன் சுக்வு, 'சேர்மன்'னு கூப்பிடுவாங்க, பின்னால நிக்கற ஆளு, சத்தமே போடாம ஆட்டத்தை நடத்துவாராம். கோல்ல இம்மானுவேல் ஒகாலா, பனை மரம் மாதிரி ஒசரம். 1974ல ஜோஸ் ஊரு மைட்டி ஜெட்ஸை தோக்கடிச்சு கோப்பை எனுகுக்குப் போச்சு. 75லயும் அவங்கதான். 76லயும் அவங்கதான். போர் முடிஞ்சு ஆறே வருஷத்துல ஹாட்ரிக். லாகோஸ் ஸ்டேடியத்துல நாட்டோட கோப்பையை வாங்க ஒரு இக்போ கேப்டன் மேல ஏறிப் போறதை அந்த ஜனங்க எப்படிப் பாத்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இங்க என் தியரி ரெண்டாவது தடவையா ஓட்டை விழுது, எனக்கு அதுல சந்தோஷம்தான்.

எதிர்ல இபாடன் டீம். மொதல்ல டபிள்யூ.என்.டி.சி.ன்னு மேற்கு மாநில வளர்ச்சிக் கழகத்தோட பேர்ல 1971ல கோப்பை ஜெயிச்சவங்க, அப்புறம் ஐ.ஐ.சி.சி. ஷூட்டிங் ஸ்டார்ஸ் ஆனாங்க, அதுவும் கடன் குடுக்கற அரசாங்க நிறுவனம்தான். செகுன் ஒடெக்பாமி, மூடா லாவல்னு ஆளுங்க. 1976ல ஆப்பிரிக்க கப் வின்னர்ஸ் கப் ஜெயிச்சு, ஆப்பிரிக்கக் கண்டத்து அளவுல ஜெயிச்ச மொத நைஜீரிய கிளப் ஆனாங்க. உள்ளூர் கோப்பை வழியா ஆப்பிரிக்காவுக்குப் போற வாசல் அது. மறு வருஷம் அதே போட்டி செமிஃபைனல்ல ரேஞ்சர்ஸும் ஷூட்டிங் ஸ்டார்ஸும் மோதுனாங்க, ரெண்டு மேட்ச்லயும் கோலே விழல, ரெண்டாவதை பொதுவான ஊருன்னு காடுனாவுல வச்சு பெனால்டியில ரேஞ்சர்ஸ் ஜெயிச்சு, ஃபைனல்ல கேமரூனோட கேனான் யாவுண்டேவைத் தோக்கடிச்சு கோப்பையைக் கொண்டு வந்தாங்க. இக்போவும் மேற்குப் பக்கத்து யோருபாவும் மைதானத்துல முட்டிக்கிட்டதை பத்தி பாபாவும் எங்க ஆபீஸ் இக்போ டிரைவரும் நாப்பது வருஷம் கழிச்சும் சண்டை போடுவாங்க, நான் நடுவுல உக்காந்து வேர்க்கடலை தின்னுவேன். அந்த ரெண்டு டீம் ஆளுங்களும் சேந்துதான் 1980ல லாகோஸ்ல அல்ஜீரியாவை 3-0ன்னு அடிச்சு நைஜீரியாவுக்கு மொத ஆப்பிரிக்கக் கோப்பை வாங்கிக் குடுத்தாங்க, கேப்டன் சுக்வு, கோல் அடிச்சது ஒடெக்பாமி ரெண்டு, லாவல் ஒண்ணு. சுக்வு 2025 ஏப்ரல்ல காலமானாரு.

எண்பதுகள் கோடீஸ்வரங்க காலம். எண்ணெய்ப் பணம் வந்து எழுபதுகள்ல ஆடுன ஆட்டத்துல பெரும் பணக்காரங்க மொளைச்சாங்க இல்லையா, அவங்களுக்கு ஆளுக்கொரு டீம். லெவென்டிஸ் யுனைடெட், சைப்ரஸ் கிரேக்கக் குடும்பத்தோட வியாபார குழுமம் நடத்துனது. அபியோலா பேப்ஸ், பெரிய பணக்காரர் எம்.கே.ஓ. அபியோலாவோடது. பேரைப் பாருங்க, பேப்ஸ்! 1984ல இருந்து 87 வரைக்கும் நாலு வருஷமும் அபியோலா டீம் ஃபைனல்ல இருக்கு, ரெண்டு தடவை லெவென்டிஸ்கிட்ட தோல்வி, ரெண்டு தடவை பெனால்டியில வெற்றி. அப்புறம்? லெவென்டிஸ் 1987ல கடையை மூடுனாங்க. மொதலாளிக்கு மனசு மாறுனா டீம் கெடையாது, அவ்ளோதான். அபியோலா டீமும் அதே வழிலதான் போச்சு. அவரு கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 1993 ஜூன் 12 ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிக்கற மாதிரி இருந்தப்ப ராணுவ அரசு தேர்தலையே ரத்து பண்ணிட்டு, பின்னாடி அவரை உள்ள போட்டு, 1998ல காவல்லயே செத்துப் போனாரு. இப்ப அபுஜா தேசிய ஸ்டேடியத்துக்கு அவரு பேரு.

தொண்ணூறுகள்ல சிமென்ட். சிரிக்காதீங்க. பெனுவே சிமென்ட் கம்பெனி, கபோகோங்கற சின்ன ஊரு, பி.சி.சி. லயன்ஸ். 1989, 93, 94, 97ன்னு நாலு கோப்பை, நடுவுல 1990ல ஆப்பிரிக்க கப் வின்னர்ஸ் கப் வேற. ஒரு சிமென்ட் ஃபேக்டரி ஊருக்கு துனிசியாவோட கிளப் ஆஃப்ரிகேனை சாச்சுட்டு கண்டக் கோப்பை வருது! பின்னாடி ஃபேக்டரி கோடீஸ்வரர் டாங்கோட்டே கைக்குப் போச்சு, சிமென்ட் மூட்டை இன்னும் வருது, சிங்கங்களோட பழைய கர்ஜனை போயே போச்சு. ஜூலியஸ் பெர்கர்னு ஜெர்மன் கட்டுமானக் கம்பெனி, லாகோஸ் ஏகோ பாலம் கட்டுனவங்க, அவங்க டீமும் 1996, 2002ல ஜெயிச்சுது. பாலம் நிக்குது.

இந்த தொண்ணூறுகள்ல எனக்கு ரொம்பப் பாவமா இருக்கறது கட்சினா யுனைடெட். 1995 ஃபைனல்ல தோல்வி, 96 ஃபைனல்ல தோல்வி, 97 ஃபைனல்லயும் தோல்வி. மூணு தடவையும் வேற வேற டீம்கிட்ட. எழுபதுகள்ல மைட்டி ஜெட்ஸும் இப்படித்தான், ஃபைனல் ஃபைனலா வந்து கோப்பையைத் தொடாமலே போனவங்க.

2000க்கு அப்புறம் கதை சப்புன்னு ஆகுது, என் கருத்து. கம்பெனிங்க ஒதுங்கிட்டாங்க, கோடீஸ்வரங்க ஐரோப்பிய மேட்ச் பாக்கப் போயிட்டாங்க, மிச்சம் மாநில அரசுதான். எண்ணெய் மாநிலத்து டீம்கள் ஏறி வந்துச்சு. போர்ட் ஹார்கோர்ட்டோட டால்ஃபின்ஸ் நாலு (2001, 04, 06, 07), 2008ல பயெல்சாவோட ஓஷன் பாய்ஸ். 1956ல மொதல்ல எண்ணெய் கெடைச்ச ஒலோய்பிரி கிராமம் இன்னிக்கு பயெல்சா மாநிலத்துலதான் இருக்கு, கோப்பை வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிருக்கு பாருங்க. ஆபா ஊர் என்யிம்பாவுக்கு நாலு. அரசாங்க டீம்னா கவர்னர் மாறுனா கோச் மாறுவாரு, சம்பளம் மாசக் கணக்குல பாக்கி நிக்கும். ஒண்ணாந் தேதி சம்பளம் குடுத்தவன் ஜெயிச்ச கோப்பை போயி, கொஞ்சம் கம்மியா பாக்கி வச்சவன் ஜெயிக்கற கோப்பையா ஆச்சு.

நடைமுறையும் சொல்லிடறேன். 36 மாநிலம் பிளஸ் அபுஜா, ஒவ்வொண்ணுலயும் மாநிலக் கோப்பை நடத்தி ஃபைனல் வந்த ரெண்டு டீமும் தேசிய அளவுக்கு வரும். நல்ல ஏற்பாடுதான், பேரே கேள்விப்படாத டீமெல்லாம் வரும். ஆனா தேசிய ரவுண்ட் மேட்சுகளை பொதுவான ஊர்ல வைக்கறாங்க, அங்கதான் எனக்கு ஒப்புதல் இல்ல. நாக்அவுட் கோப்பையோட ருசியே சின்ன ஊர் மைதானத்துக்கு பெரிய டீம் பஸ்ல வந்து எறங்கறதுதான. மண்ணும் மேடும் பள்ளமும், மரத்து மேல ஏறி உக்காந்திருக்கற பசங்களும், அங்க வச்சு பெரிய டீமை மடக்கறதுதான. ரெண்டு டீமுக்கும் சம்பந்தமே இல்லாத மூணாவது ஊர்ல, நடு மத்தியானம், காலி கேலரில வச்சா என்னத்த?

2016ல ஃபைனல் லாகோஸ்ல, நான் மேல சொன்ன அதே டெஸ்லிம் பலோகன் ஸ்டேடியத்துல. எஃப்.சி. இஃபயானி உபா எதிர் நசராவா யுனைடெட். மொதலாளி பேரையே டீமுக்கு வச்ச பழைய எண்பதுகள் ஸ்டைல் திரும்பி வந்த மாதிரி, எண்ணெய் வியாபாரியும் அரசியல்வாதியுமான உபா, நின்னேவி ஊர் கேப்ரோஸ் டீமை வாங்கி தன் பேரை வச்சு ரெண்டு வருஷத்துல ஃபைனல் கொண்டாந்துட்டாரு. பாபாவைக் கூட்டிக்கிட்டு போறதா பிளான். அன்னிக்குன்னு பாத்து கோ-ஸ்லோ, லாகோஸ்ல டிராஃபிக் ஜாமை அப்படித்தான் சொல்லுவாங்க, பாலத்து மேல வண்டி நின்னது நின்னதுதான், பாபா ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டு, நான் ஸ்டீயரிங்ல தலையை வச்சுக்கிட்டு, பெனால்டியில உபா டீம் ஜெயிச்சப்ப நாங்க ஸ்டேடியத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னால இருந்தோம். நாலு வருஷத்துல நான் பாத்த, இல்ல, பாக்காத ஒரே சேலஞ்ச் கப் ஃபைனல் அது. உபா 2024ல காலமானாரு, டீம் அதுக்கு முன்னாடியே கீழ எறங்கிப் போச்சு.

ஊருக்குத் திரும்பி வந்த பெறகும் நோட்டை விடல. 2018 ஃபைனல் அசாபால, ரேஞ்சர்ஸ் கானோ பில்லர்ஸ்கிட்ட 0-3, கடைசி கால்மணி நேரம் பாக்கி. மூணு கோலையும் திருப்பி அடிச்சு பெனால்டியில 4-2ன்னு ஜெயிச்சாங்க. 1983க்கு அப்புறம், 35 வருஷம் கழிச்சு. ராத்திரி டிரைவருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், பதிலுக்கு வெறும் கத்தல்தான் வந்துச்சு, வார்த்தையே இல்ல. 2021ல ரெண்டாம் டிவிஷன் டீம் பயெல்சா யுனைடெட் ஜெயிச்சுது, பெண்கள் கோப்பையும் அதே மாநிலத்து பயெல்சா குயின்ஸுக்கு.

2024தான் எனக்குப் பிடிச்ச வருஷம். ஃபைனல் மறுபடியும் லாகோஸ் ஒனிகன் ஸ்டேடியத்துல. கவர்னர் காலத்துல கிங் ஜார்ஜ் ஸ்டேடியம்னு இருந்த அதே எடம்தான், இப்ப மொபோலாஜி ஜான்சன் பேர்ல புதுசா கட்டியிருக்காங்க. ஜெயிச்சது எல்-கனெமி வாரியர்ஸ், மைதுகுரி. 1991, 92ல ரெண்டு தடவை ஜெயிச்ச டீம். அப்புறம் போகோ ஹராம் தீவிரவாதிங்க அந்த ஊரைப் புடிச்சு ஆட்டுன ஆட்டத்துல சொந்த ஊர்ல மேட்ச் ஆட முடியாம வேற ஊர் வேற ஊரா 'ஹோம்' மேட்ச் ஆடிக்கிட்டு அலைஞ்சவங்க. 32 வருஷம் கழிச்சு அபியா வாரியர்ஸை 1-0ன்னு தோக்கடிச்சு கோப்பையை வடகிழக்குக்குத் தூக்கிட்டுப் போனாங்க. இதை பாபாகிட்ட போன்ல சொன்னேன், அவரு பேரன்தான் எடுத்துக் குடுத்தான். 92ல எல்-கனெமி ஃபைனல்ல தோக்கடிச்சது யாரைன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியும் பாபான்னேன். ஸ்டோர்ஸை. அந்தக் கோவம் இன்னும் போகல அவருக்கு, போனை வச்சுட்டாரு.

2025 ஃபைனலும் ஒனிகன்லதான், குவாரா யுனைடெட் பெனால்டியில அபகலிகியைத் தாண்டி ஜெயிச்சாங்க. குவாரா டீமோட ஊரு இலோரின். என் நோட்டுல 1976ல ரேஞ்சர்ஸ்கிட்டயும் 1978ல பெண்டல் இன்ஷூரன்ஸ்கிட்டயும் ஃபைனல்ல தோத்த அல்யுஃப்சலாம் ராக்ஸ்னு ஒரு டீம் இருக்கு, அதுவும் இலோரின்தான். ரெண்டு வரிக்கும் நடுவுல பேனாவால ஒரு கோடு இழுத்து சேத்து விட்டேன்.